லைனிங் வைத்த வரைபடம்

தெருவில் சாக்கடைக் குழாயைத் தோண்டி மாற்றப்போவதாகவும், வேலை முடிய ஒரு வாரம் ஆகும் என்றும், அதுவரை கடை வாசலில் யாரும் கால் வைக்க முடியாது என்றும் நகராட்சி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"அப்போ மூக்கைச் சுத்திட்டு வந்துடலாம்" என்றார்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கரடுமுரடான தீபகற்பத்தை எல்லோரும் மூக்கு என்றுதான் சொல்வார்கள். அதற்கு வேறு ஏதோ கௌரவமான பெயர் உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவே வளைந்து நெளிந்து ஒரு சாலை. அதைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் அனைவரும் ஒரே மாதிரிதான் வர்ணிப்பார்கள். முதலில் கண்ணை அகல விரிப்பார்கள், பிறகு அந்த வளைவுகளை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

தையல்காரரின் மனைவி அப்போது ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள். மூக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஊசி பாதியில் நின்றது. மூக்கின் வெளிப்பக்கத்தில், துவாரம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கேதான் அவளுடைய அக்கா இருக்கிறாள். அக்காவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

"போகலாமே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால் காரியம் கெட்டுவிடும். அக்கா வீட்டுக்கும் போகலாமா என்று கேட்டால் அவர் முடியாது என்பார். ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே ஆயுள் முழுக்க முடியாது என்பார். அதனால் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு, தினமும் காலையில் கண்ணை மூடிக் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடவுளிடம் கேட்பதில் ஒரு வசதி உண்டு. அவர் எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்வதில்லை.

அக்கா வீட்டோடு பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு கால்சட்டை.

தையல்காரருக்குத் தெருவில் அரையங்குலம் என்று பெயர். எதைத் தைத்தாலும் உள்ளே அரையங்குலம் கூடுதலாக விட்டு, மடித்து, இஸ்திரி போட்டுத்தான் தைப்பார். ஏன் என்று கேட்டால், "ஆண்டவன் யாரை எப்போ பெருக்க வைப்பான்னு நமக்குத் தெரியுமா? அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைக்கணும்" என்பார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பிரித்துப் பெரிதாக்கி, பேரன் பிறந்த பிறகும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தெருவில் உண்டு.

அக்காவின் கணவர், அதாவது தையல்காரருக்குச் சகலை, அந்தக் கடலோர ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். பங்க் திறப்பு விழாவுக்குக் கால்சட்டை தைக்கச் சொல்லி, இடுப்பளவைத் தொலைபேசியில் சொன்னார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்த அளவு அது. "உங்க அரையங்குலமெல்லாம் எனக்கு வேணாம் சகலை. நான் இனிமே பெருக்க மாட்டேன். உடம்போட ஒட்டினாப்ல இருக்கணும்" என்றும் சேர்த்துச் சொன்னார். தையல்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளே எதுவும் விடாமல் தைத்துக் கொடுத்தார். விழாவன்று சகலை ரிப்பனை வெட்டக் குனிந்தார். ரிப்பனுக்கு முன்னால் வேறொன்று கிழிந்தது.

அதோடு போயிருக்கும். ஆனால் தையல்காரர் சிரித்துவிட்டார். எல்லோரும்தான் சிரித்தார்கள்; மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சகலை ஒரு வாளியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, "இதுக்குப் பேரு தையலா?" என்று கேட்டார். "அதுக்குப் பேரு இடுப்பா?" என்றார் இவர். வாளியோடு அவர் உள்ளே போனார், குடும்பத்தோடு இவர் வீட்டுக்கு வந்தார். அவ்வளவுதான் சண்டை.

பயணம் என்று முடிவானதும் வேலைகள் மளமளவென்று நடந்தன. மனைவியின் தம்பி ஒரு மெத்தைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனை எல்லோரும் மெத்தை என்றே கூப்பிடுவார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஓர் ஆள் வாயைத் திறந்து தூங்குவதுபோல் பெரிதாக வரைந்திருக்கும். "ஒரு வாரம் எடுத்துட்டுப் போ, ஆனா போற இடத்துலெல்லாம் படம் தெரியற மாதிரி நிறுத்து" என்று முதலாளி சொல்லியிருந்தார். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள், மூக்கின் வரைபடத்தைத் துண்டு துண்டாக நிறைய தாள்களில் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது, கைபேசி வெறும் டார்ச் லைட்தான் என்று மெத்தை சொல்லியிருந்தான்.

"ஓரத்தோட ஓரம் வச்சு இதால ஒட்டிடுங்கப்பா" என்று ஒரு டேப் உருளையையும் மகள் கொடுத்தாள்.

தையல்காரர் அந்த உருளையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டாக வைத்துவிட்டு, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி வெட்டும் மேசையில் அதை விரித்தார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தாள்கள் எல்லாம் இரட்டைத் தையலில் இணைந்திருந்தன. பின்னால் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான லைனிங். சுற்றிலும் ஓரத்துக்கு நீலத் துணியில் பைப்பிங். ஓரத்தில் ஒரு பாக்கெட். மடித்து மூட ஒரு மூடி. அதற்கு மட்டும் இன்னும் பொத்தான் வைக்கவில்லை.

"அத்தான், இது மேப்பா, கோட்டா?" என்றான் மெத்தை.

"தொட்டுப் பாரு. லைனிங் போட்டிருக்கேன்."

"ஒரு காலர் வச்சிருந்தீங்கன்னா குளிருக்குப் போட்டுக்கலாம்."

"அப்பா, டேப் குடுத்தேனே?"

"ஒட்டறதெல்லாம் ரெண்டு நாளைக்கும்மா. கடல்காத்துல தாங்குமா? தைச்சாத்தான் நிக்கும்." மனைவியைப் பார்த்து, "மூடிக்கு மட்டும் நீ பட்டன் வச்சுக் குடுத்துடு" என்றார். அவர் முகத்தில் தங்கமெடல் வாங்கியவனின் பணிவு இருந்தது.

மெத்தை ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து, சாலையின் மேலேயே நூலை வைத்து வளைத்து வளைத்து அளக்க ஆரம்பித்தான். முடித்துவிட்டு நூலைத் தூக்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"இவ்ளோதான் வருது. காலைல கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாமே?"

"எல்லாரும் மூணு நாள் ஆகும்னு சொன்னாங்க மாமா" என்றாள் மகள்.

"அவங்க ஓட்டற லட்சணம் அப்படி." மெத்தை மறுபடி குனிந்தான். "அத்தான், இங்க ரோடு நேரா கடலுக்குள்ள போகுது."

தையல்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "அங்க படகு இருக்கும்."

"மெத்தை வண்டியை ஏத்திக்கிற படகா?"

"படகு முழுகினாலும் உனக்கென்ன, மெத்தை மிதக்கும்."

"அப்பா, இங்க பாருங்க. கலங்கரை விளக்கத்துக்குள்ள ஆஸ்பத்திரி இருக்கு."

"நல்லதுதானே. கப்பல்ல வர்றவங்க தேட வேண்டியதில்லை."

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போது மனைவியின் ஆள்காட்டி விரல் மேசையின் மறுபக்கத்தில் தனியாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. மூக்கின் வெளிப்பக்கம் வழியாக மெதுவாக ஊர்ந்தது. ஒரு விரிகுடா வந்தது. அதையடுத்து இரட்டைப் பாறை வந்தது. அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பாறை அது. விரல் ஆசையோடு இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தது. அடுத்து வந்தது ஒரு தையல். நேரான, அழகான, ஒரு நூல்கூடப் பிசகாத தையல். அதற்கு அப்பால் அடுத்த ஊர் வந்துவிட்டது. விரல் திரும்பி வந்து மறுபடி தேடியது.

"டீசல்னு ஒரு பிரச்சினை இருக்கு" என்று மெத்தை சொல்லிக்கொண்டிருந்தான். "டேங்க் அந்த இரட்டைப் பாறை வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் வெளிப்பக்கத்துல இருக்கிறதே ஒரே ஒரு பங்க்..." அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. அது யாருடைய பங்க் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பாபின் பெட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மகள் போனைத் தட்டிப் பார்த்தாள். "இதுல ஊர் இருக்குப்பா. பெரியப்பா பங்க்கூட இருக்கு. உங்க மேப்லதான் இல்லை."

மனைவி நிமிர்ந்தாள்.

"எங்க அக்கா ஊரை என்ன பண்ணீங்க?"

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"இரட்டைப் பாறை இருக்கு. அடுத்த ஊர் இருக்கு. நடுவுல இருந்த ஊர் காத்துல பறந்துபோச்சா?"

தையல்காரர் குனிந்து தேடினார். மேசைக்கு அடியிலும் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது. கத்தரிக்கோலே வைக்கலை இதுல."

"அவங்க முகத்துல முழிக்கப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஒரு ஊரையே கத்தரிச்சுப் போடணுமா? அதுல எங்க அக்கா இருக்காங்க. ரெண்டு பசங்க இருக்காங்க. ஸ்கூல் இருக்கு, கடைத்தெரு இருக்கு..."

"அக்கா, பீச்சும் இருக்கு" என்றான் மெத்தை உதவி செய்வதாக நினைத்து.

"நீ சும்மா இரு."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தையல்காரருக்கு இருந்தது. அவர் உண்மையாகவே எதுவும் செய்யவில்லை என்றுதான் நம்பினார். ஆனால் மூன்று வருடம் பேசாமல் இருந்த மனிதன், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால் நம்புவதற்கு ஆள் கிடைப்பது கடினம். அன்று தட்டில் சாப்பாடு வந்தது, டம்ளரில் தண்ணீர் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் கடையைத் திறந்தபோது வாசலில் ஆட்கள் பள்ளம் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். மேசையின் மேல் வரைபடம் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூடியில் மூன்று பொத்தான்கள். நீல பைப்பிங்குக்குப் பொருத்தமான நீலப் பொத்தான்கள். அவற்றுக்கு நெருக்கமாக, பிசிறில்லாமல் காஜா எடுக்கப்பட்டிருந்தது. ஒரு பொத்தானை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோபம் வந்தால் வேலையைத் தூக்கியெறிய யாராலும் முடியும். கோபம் தீராமலே உட்கார்ந்து, யார்மேல் கோபமோ அவருடைய பொத்தானை உறுதியாகத் தைத்து, நூலைக் கடித்துவிட்டுப் போவதற்குக் கடவுள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு மனுஷியிடம், ஒரு ஊரைத் தொலைத்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எப்படியாவது அந்த ஊரைக் கண்டுபிடித்துவிடுவது என்று வரைபடத்தை விரித்தார். விரித்ததைப் புரட்டினார். இரட்டைப் பாறையின் பின்பக்கம் லைனிங்கின் மேல் விரலை ஓட்டினார்.

தையல் தடிமனாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிட்டது. அரையங்குலம்! இந்தத் தாளில் அரையங்குலம், அந்தத் தாளில் அரையங்குலம். ஓரத்தோடு ஓரம் வைக்கச் சொன்னாள் மகள். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் கை அதன்பாட்டுக்கு உள்ளே மடித்துத் தைத்திருக்கிறது. மூச்சு விடுவதை யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பிளேடை எடுத்துக்கொண்டு கையருகே இருந்த தையலை முதலில் பிரித்தார். மடிப்பு விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பாலம், ஒரு தபால் அலுவலகம், ஒரு தெரு வெளியே வந்தன. தெருவை உற்றுப் பார்த்தார்.

"இங்க வாங்க எல்லாரும்! சீக்கிரம் வாங்க!"

மகள் தலைவாரிக்கொண்டே ஓடிவந்தாள். வண்டியைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பலகை மேல் தள்ளாடி வந்த மெத்தையும் எட்டிப் பார்த்தான். மனைவி கடைசியாக வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அப்பா, இது நம்ம தெரு! நம்ம கடையையே காணாமப் பண்ணியிருந்தீங்களா?"

"அத்தான், அப்போ நேத்து நாம எங்கேயிருந்து கிளம்பினோம்?"

"அதான் மதியச் சாப்பாட்டுக்கு வந்துடலாம்னு சொன்னியே, எங்க வந்திருப்ப? வீடே இல்லை!" என்றார் தையல்காரர்.

மனைவி சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். உதட்டை மடித்துக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். கோபத்தில் சொந்தக் கடையையும் சேர்த்து ஒளித்துவைக்கிற மனிதன் உலகத்தில் கிடையாது. அவர் சொன்னது உண்மைதான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இத்தோடு அவர் தப்பித்திருக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லோருடைய பார்வையும் இரட்டைப் பாறைப் பக்கம் போனது. அந்தத் தையல் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரியாமல் மடித்தது கைப்பழக்கம். இனி மடித்தபடியே விட்டால் அதற்கு வேறு பெயர்.

"நான் எதையும் வெட்டலை" என்றார் மனைவியிடம் மெல்ல. "உள்ளேதான் இருக்கு எல்லாம்."

"அப்போ பிரிங்க" என்றாள் அவள்.

அவர் பிரித்தார். சட்டைக் கையைப் பிரிக்கும்போதுகூட அவ்வளவு பதமாகப் பிரித்ததில்லை. ஒவ்வொரு இழையாக வெட்டி, நூல் துணுக்குகளை ஊதித் தள்ளினார். ஊர் வெளியே வந்தது: கொஞ்சம் கசங்கி, நடுவே ஒரு மடிப்புக் கோட்டோடு. பள்ளிக்கூடம், கடைத்தெரு, பங்க். மெத்தை சொன்ன பீச்சும் இருந்தது. அவர் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, மேலே ஈரத்துணி போட்டு, ஊரை நிதானமாக இஸ்திரி போட்டார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"உன் பெரியப்பா பங்க் லேண்ட்லைனுக்கு ஒரு போன் போடு."

சுவரோரம் நின்ற மனைவி மேசைக்கு வந்துவிட்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் கேட்கும்படி மகள் போனை மேசை நடுவே வைத்திருந்தாள்.

"யாரு?" என்றது ஒரு கனமான குரல். பின்னால் லாரி சத்தம்.

"நான்தான்." தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அரையங்குலம்."

மறுபக்கம் லாரி மட்டும் பேசியது.

"பங்க்ல டீசல் இருக்குமா?"

"பங்க்ல டீசல் இல்லாம பின்ன ஊறுகாயா இருக்கும்? என்ன வண்டி?"

"மெத்தை வண்டி. சைடுல ஒரு ஆள் தூங்கிட்டிருப்பான்."

"ஓட்டறவனா?"

"பெரியத்தான், நான் முழிச்சுட்டுத்தான் ஓட்டுவேன்!" என்று மெத்தை கத்தினான்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவின் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சகலை, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"அவங்க சிரிக்கலாம். தைச்சவன் சிரிக்கலாமா?"

லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் ஓசை ஒன்று வந்தது. டீசல் வாடையாக இருக்கலாம்.

"நானும் அளவைச் சரியாச் சொல்லலை" என்றார் கடைசியில். "மூச்சைப் பிடிச்சுட்டு அளந்தேன்."

"தெரியும் சகலை. உங்க குரலே வரலையே அன்னிக்கு."

"தெரிஞ்சுமா தைச்சீங்க!"

"அதான் சொல்றேனே, தப்பு என்னோடதுன்னு. இப்ப அளவு சொல்லுங்க. வரும்போது ஒண்ணு தைச்சு எடுத்துட்டு வர்றேன். மூச்சு விட்டுட்டு அளங்க. நல்லா, தாராளமா மூச்சு விட்டுட்டு."

அதற்குள் மறுபக்கம் யாரோ போனைப் பிடுங்கினார்கள். "ஏய், நீ அங்கதான் இருக்கியா?" என்றது ஒரு பெண் குரல்.

"அக்கா" என்றாள் மனைவி. போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டு துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து கொஞ்ச நேரம் அழுகையும், பிறகு சிரிப்பும், பிறகு இரண்டும் கலந்து ஏதோ ஒன்றும் கேட்டன.

மற்ற தையல்களையும் தையல்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடலுக்குள் போன சாலை திரும்பிக் கரைக்கு வந்தது. ஆஸ்பத்திரி கலங்கரை விளக்கத்தைவிட்டு நாகரிகமாக விலகி நின்றது. மெத்தை மறுபடி நூலை வைத்து அளந்தான். பாதி வழியிலேயே கண்டு தீர்ந்துவிட்டது. இன்னொரு கண்டை எடுத்து முடிச்சுப் போட்டான்.

"அத்தான், மூணு நாள் பத்தாது. அக்கா ரெண்டு பேரும் பேசி முடிக்கவே ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டும். இங்க பள்ளம் மூட எப்படியும் அவ்ளோ நாளாகும்" என்றார் தையல்காரர். அலமாரியிலிருந்து நல்ல கறுப்புத் துணி ஒன்றை இழுத்து மேசையில், மூக்கின் மேலேயே விரித்தார்.

துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மனைவி தலையை நீட்டினாள். முகம் முழுக்க ஈரம், சிரிப்பு.

"என்னங்க, அத்தான் அளந்துட்டாராம். நாப்பத்திரண்டு."

போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "பொய் சொல்றார்! இன்னும் மூச்சை விடலை!"

தையல்காரர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அரையங்குலம் விட்டு மடிப்புக் கோட்டையும் போட்டார். கத்தரிக்கோலைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டு ஒரு முழு அங்குலம் தள்ளிப் போட்டார்.